வேலை முடிந்து படிக்க வருபவர்



வேலைக்குப் போய்க்கொண்டே இணையவழியில் பயிற்சி பெறும் பெரியவர்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். ஆசிரியர்கள், செவிலியர்கள், வங்கி ஊழியர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், முன்பு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறிப் போய்ப் பெற்ற பயிற்சியில் பெரும்பகுதி இப்போது அவர்களுடைய கைபேசிக்கு வந்துவிட்டது. இத்தகைய பாடங்களை வடிவமைப்பது என் தொழில். எங்களிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "படிப்பவர்களுக்கு ஈடுபாடே இல்லை, பாதியில் விட்டுவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?" என்பதுதான். குறை படிப்பவரிடம்தான் என்ற தீர்ப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பெரியவர் ஒருவர் பாடத்தை விட்டு விலகினால், பெரும்பாலும் அந்தப் பாடம் அவருடைய மறுநாள் வேலைக்கு எதையும் தரவில்லை என்று பொருள். அல்லது அவர் வந்தாரா, போனாரா என்று பார்க்க மறுமுனையில் ஆளில்லை என்று பொருள். இந்த இரண்டையும் கவனிக்காமல் வேறு எதை மெருகேற்றினாலும் ஈடுபாடு வராது என்பதே நான் சொல்ல வந்தது.

எண்கள் சொல்வது

2011-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டே உடாசிட்டி, கோர்செரா, எம்ஐடியும் ஹார்வர்டும் கூட்டாகத் தொடங்கிய எட்எக்ஸ் என மூன்று தளங்கள் வந்துவிட்டன. எட்எக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுகள் வகுப்பை அனந்த் அகர்வால் நடத்தினார். ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்தார்கள். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். ஒரு பேராசிரியர் பணிக்காலம் முழுக்க வகுப்பறையில் நின்றாலும் அத்தனை பேருக்கு மின்சுற்று கற்பித்து முடிப்பது கடினம் என்பது உண்மை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வழியிலேயே இறங்கிவிட்டார்கள் என்பதும் உண்மை.

காலம் போகப்போக இது சரியாகும் என்றார்கள். 2019-ல் சயின்ஸ் இதழில் ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ்-வாலியென்தே ஆகிய இருவரும் எட்எக்ஸில் எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய பாடங்களின் தரவுகளை ஆண்டுவாரியாக எடுத்துவைத்தார்கள். 2017-18-ல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. பதிவு செய்தவர்களில் 52 விழுக்காட்டினர் பாடத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களை மட்டும் தனியே எடுத்தால் முடித்தவர்கள் 46 விழுக்காடு.

இந்த எண்களை வைத்து மனிதர்களின் சோம்பலைப் பற்றி நிறைய எழுதினார்கள். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். கட்டணமில்லாத ஒரு பக்கத்தில் பெயரைப் பதிவது, நூலகத்தில் ஒரு நூலை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதற்குச் சமம். உள்ளே வந்தவர்களிலும் ஒருவருக்கு மூன்றாம் வாரத்தின் ஒரு பகுதி மட்டும் தேவைப்பட்டிருக்கும். இன்னொருவர் வீடியோவை மட்டும் பார்த்துத் தெரிந்துகொண்டு போயிருப்பார். இவர்களைத் தோற்றவர்கள் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. அதேசமயம், முடிக்கவேண்டும் என்ற உறுதியோடு பணமும் கட்டி வந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் முடிக்கவில்லை. நம் கவலை இவர்களைப் பற்றியதாக இருக்கவேண்டும்.

இனி இதன் மறுபுறம். அலுவலகம் கட்டாயமாக்கிய பயிற்சிகளில் முடித்தோர் விகிதம் நூற்றை ஒட்டியே நிற்கும். அறிக்கையில் அது வெற்றியாகப் பதிவாகும். அந்த வெற்றி எப்படிக் கிடைக்கிறது என்பதை அருகிலிருந்து பார்க்கவேண்டும். இரவு ஒன்பதரை மணி. வீட்டு வேலை முடியும் நேரம். கைபேசி அடுப்பு மேடையில் டப்பா மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஒரு ஸ்லைடு, அதில் ஏழெட்டு வரிகள். திரையில் உள்ள வரிகளையே ஒரு குரல் எழுத்துக்கூட்டாத குறையாக வாசிக்கிறது. குரல் முடியும்வரை 'அடுத்து' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கிறது. படிப்பவர் ஒலியை அணைத்துவிட்டுப் பாத்திரம் துலக்குகிறார். பொத்தான் நீலமானதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டு, மறுபடி பாத்திரம். கடைசியில் வரும் பத்துக் கேள்விகளுக்கான விடைகள் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே வந்துவிட்டன. சான்றிதழ் தரவிறங்குகிறது.

இப்படிச் செய்பவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய நேரத்துக்குப் பாடம் தராத மதிப்பை, அவர் பாடத்துக்குத் தரவில்லை. படத்தை விளக்கும் குரலையே திரையில் வாசகமாகவும் போட்டால் கற்றல் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டி நெடுங்காலமாகிறது. கண் ஒரு வேகத்தில் படிக்கிறது, காது வேறு வேகத்தில் கேட்கிறது. இரண்டையும் ஒத்துப்பார்ப்பதிலேயே கவனம் செலவாகிறது. அப்படியும் இன்றுவரை அதைத்தான் செய்கிறோம். ஸ்லைடு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குக் குரல் சேர்த்தால் பாடம் ஆயிற்று என்ற எண்ணமே காரணம்.

குளிர்பெட்டியின் முன்னால்

வடிவமைப்பில் என்ன மாற்றவேண்டும் என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பாடத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிகளைப் பாதுகாப்பவர்களுக்கான குளிர்ச் சங்கிலிப் பயிற்சி. வழக்கமான பாடம் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். எட்வர்ட் ஜென்னர், அம்மை, தடுப்பூசியின் வரலாறு. பிறகு பயிற்சியின் நோக்கங்கள் ஆறு. பிறகு குளிர்ச் சங்கிலியின் இலக்கணம். படிப்பவரோ பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவர். முதல் ஐந்து நிமிடத்திலேயே, இது தனக்குச் செய்த பாடமில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

வேறுவிதமாகத் தொடங்கலாம். முதல் திரையில் ஒரே ஒரு புகைப்படம். திங்கட்கிழமை காலை, ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டி திறந்திருக்கிறது. வெப்பமானி மைனஸ் 1 டிகிரி காட்டுகிறது. இருக்கவேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். பெட்டியின் அடியில், கூடைக்குக் கீழே, சில பென்டா தடுப்பூசிக் குப்பிகள் கிடக்கின்றன. குப்பியின் மேல் உள்ள விவிஎம் (தடுப்பூசிக் குப்பிக் கண்காணிப்பு) அடையாளத்தில் உட்சதுரம் வெளுப்பாக, நன்றாகவே இருக்கிறது. வெளியே பத்துத் தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருக்கிறார்கள். இப்போது என்ன செய்வீர்கள்?

விடைகள் நான்கு. விவிஎம் சரியாக இருப்பதால் பயன்படுத்துவேன். குப்பிகளை மேல்கூடைக்கு மாற்றிவிட்டு, உருகியதும் பயன்படுத்துவேன். தனியே எடுத்து, பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்து, மருத்துவ அலுவலரிடம் தெரிவிப்பேன். பெட்டியில் உள்ள போலியோ சொட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுவேன்.

அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிப்பார்கள். முதல் விடை பொறி. விவிஎம் பார்த்துப் பழகிய கண் அதை நம்பும். ஆனால் விவிஎம் காட்டுவது குப்பி பட்ட வெப்பத்தை மட்டும்தான். உறைந்ததை அது காட்டாது. பென்டா, ஹெபடைடிஸ்-பி போன்றவை உறைந்தால் வீரியம் இழக்கும். உறைந்து உருகிய குப்பியைக் கண்ணால் பார்த்து நம்பிவிட முடியாது. சொட்டு மருந்து உறைந்தால் கெடாது, வெப்பத்தில்தான் கெடும். ஆகவே நான்காம் விடையும் தவறு. நல்ல மருந்து வீணாகும். ஜென்னரிலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் பேசினாலும் பதியாத செய்திகள், இந்த ஒரு கேள்வியைச் சுற்றித் தாமாக வந்து நிற்கின்றன. குளிர்ந்த காற்று அடியில் தங்குவதால்தான் உறைந்தால் கெடும் மருந்துகளை மேல்கூடையில் வைக்கிறோம் என்ற காரணமும் இப்போது கேட்கத் தகுந்ததாகிறது. அவருக்கே அது தேவைப்படுகிறது.

விடைக்குப் பாடம் தரும் மறுமொழியை எழுதுவதில்தான் வடிவமைப்பாளர் தம் உழைப்பில் பாதியைச் செலவிடவேண்டும் என்பேன். 'தவறு, மீண்டும் முயல்க' என்று சிவப்பில் எழுதுவது யாராலும் ஆகும். இரண்டாம் விடையைத் தேர்ந்தவருக்கு நான் இப்படி எழுதுவேன்: "மேல்கூடைதான் இதற்குரிய இடம் என்று நீங்கள் நினைத்தது சரி. ஆனால் இந்தக் குப்பிகள் உறைநிலையில் கிடந்திருக்கின்றன. இடத்தை மாற்றினாலும் போன வீரியம் திரும்பாது. இதைப் போட்டால் குழந்தைக்கு ஊசி போட்ட கணக்கு இருக்கும், பாதுகாப்பு இருக்காது. வெப்பநிலைப் பதிவேட்டில் கடைசியாக எப்போது 2 டிகிரிக்குக் கீழே போனது என்று பாருங்கள்." அவர் எதைச் சரியாக நினைத்தார் என்பதை முதலில் சொல்லிவிட்டு, எங்கே வழி பிசகியது என்று காட்டுகிற மறுமொழி இது. பல ஆண்டு வேலை பார்த்தவர் தவறு செய்யும்போது அந்தத் தவறுக்குள் ஒரு நியாயம் இருக்கும். அந்த நியாயத்தைத் தெரிந்துகொள்ள, பாடம் எழுதுகிறவர் குளிர்பெட்டி இருக்கும் அறைக்குப் போய் உட்கார்ந்திருக்கவேண்டும். நிபுணரிடம் பேசினால் மட்டும் போதாது. அந்தத் தவற்றைத் தாம் செய்த காலம் நிபுணருக்கு மறந்து போயிருக்கும்.

பெரியவர்கள் கற்பதைப் பற்றி மால்கம் நோல்ஸ் 1970-கள் தொடங்கி எழுதியவற்றின் சாரமும் இதுதான். இது எனக்கு எதற்கு என்று தெரிந்தாலொழியப் பெரியவர் முழு மனத்தோடு உட்காரமாட்டார். தம் அனுபவத்தை ஓரம் கட்டிவிட்டுத் தொடங்கும் பாடத்தை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார். பின்னாளில் எப்போதோ உதவும் என்பதைவிட இன்றைய சிக்கல் தீரும் என்பதற்கே நேரம் ஒதுக்குவார். நோல்ஸை எல்லாப் பயிற்சிக் கையேடுகளின் முதல் பக்கத்திலும் போடுகிறோம். இரண்டாம் பக்கத்தில் ஜென்னர் வந்துவிடுகிறார்.

ஆறு நிமிடமும் ஒரு வாரமும்

2014-ல் ஃபிலிப் குவோவும் அவர் குழுவினரும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் தங்கும் நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அன்றிலிருந்து 'ஆறு நிமிடம்' ஒரு மந்திரமாகிவிட்டது. ஒரு மணி நேரச் சொற்பொழிவைப் பத்துத் துண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, வடிவமைத்துவிட்டோம் என்று நிறைவடைகிறோம். அதே ஆய்வில், பேசுபவரின் உற்சாகமும், எழுதி வரைந்து விளக்கும் கையின் ஓட்டமும், பெரிய ஸ்டூடியோ செலவைவிட நன்றாகப் பார்ப்பவரைப் பிடித்து வைத்தன என்ற முடிவும் இருந்தது. அதை யாரும் மந்திரமாக்கவில்லை.

வீடியோவைப் பார்த்து முடித்ததும், "நன்றாகப் புரிந்தது" என்று பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த உணர்வை நம்பிவிடக் கூடாது. 2006-ல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் செய்த சோதனையில் ஒரு குழு ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடத்தில் சோதித்தால் படித்த குழு முன்னால் நிற்கிறது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. பயிற்சி முடிந்த கையோடு வைக்கும் தேர்வும், "பயிற்சி உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?" என்ற படிவமும் அந்த முதல் ஐந்து நிமிடத்தையே அளக்கின்றன. தடுப்பூசிப் பெட்டியோ ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து, ஏதோ ஒரு திங்கட்கிழமை காலையில் உறையும்.

ஆகவே குளிர்ச் சங்கிலிப் பாடத்தில் தேர்வைக் கடைசியில் வைக்காமல் பரப்பிவிடவேண்டும். மூன்றாம் நாள் ஒரு கேள்வி, பத்தாம் நாள் ஒன்று, மாதம் கழித்து ஒன்று. ஒவ்வொன்றும் வாட்ஸ்அப்பில் வந்து ஒரு நிமிடத்தில் முடிகிற அளவுக்கு. இதற்குச் செலவு மிகக் குறைவு. பாடம் 'முடிந்த' பிறகும் வேலை தொடர்கிறது என்பதால் ஒப்பந்தங்களில் இதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

மறுமுனையில் ஒருவர்

இதுவரை சொன்னது பாதி. நல்ல பாடத்தையும் தனியாக உட்கார்ந்து முடிப்பது கடினம். இதை நம் நாட்டிலேயே, இணையம் பிறக்குமுன் கண்டறிந்திருக்கிறார்கள்.

1956-ல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து புணேயைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் 144 கிராமங்களைத் தேர்ந்து வானொலி உழவர் மன்றங்களை அமைத்தன. ஒவ்வொரு மன்றத்திலும் இருபது பேர் அளவில். வாரத்துக்கு இரு நிகழ்ச்சி, மொத்தம் இருபது. கேட்டு முடித்ததும் வானொலியை அணைத்துவிட்டு, கேட்டதைப் பற்றி ஊரார் பேசுவார்கள்: நம் ஊரில் இது நடக்குமா, என்ன செய்யலாம்? எழுந்த ஐயங்கள் நிலையத்துக்கு எழுதி அனுப்பப்படும். பின்னர் வரும் நிகழ்ச்சியில் பதில் வரும். இந்த முயற்சியை டாடா சமூக அறிவியல் நிறுவனம் மதிப்பிட்டது. அதில் பங்கேற்ற சமூகவியலாளர் பால் நியூராத், மன்றம் வைத்த ஊர்களோடு, வானொலி இருந்தும் மன்றமில்லாத ஊர்களையும் வானொலியே இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டார். அறிவு தெளிவாக உயர்ந்தது மன்றம் இருந்த ஊர்களில்தான். வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் உயர்வு அற்பம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. 1956-ல் வானொலிப் பெட்டி மட்டும் போதாது என்று அளந்தே தெரிந்துகொண்ட நாடு, இன்று லட்சக்கணக்கான ஊழியர்களுக்குப் பாடத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு, பயிற்சி கொடுத்துவிட்டதாகக் கணக்கெழுதுகிறது.

2006-ல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரிக்கின் காந்தி தொடங்கிய டிஜிட்டல் கிரீன் முயற்சியும் அதே பாதையில்தான் போனது. வீடியோவில் பேசுவது அக்கம்பக்கத்து உழவர். சிறு கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பார். பார்ப்பவர்கள் முதலில் விசாரிப்பது, திரையில் வருகிறவர் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர் என்பதைத்தான். நம்மைப் போன்ற ஒருவர் செய்திருக்கிறார் என்று தெரிந்த பிறகே முறையைப் பற்றிய கேள்வி வரும். பயிற்சிப் பாடங்களில் கோட் சூட் போட்ட கார்ட்டூன் பொம்மையை நிறுத்திவைக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். நம் தேனி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்களுக்காக காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்பும் உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் நடத்திய பயிற்சியில் பாடம் குரல் செய்தியாகக் கைபேசிக்குப் போனது. ஆடு மேய்க்கும்போதே கேட்கலாம். ஆடு வாங்க வங்கிக் கடன், அதே தொழிலுக்குப் பாடம், சேர்ந்து பேசக் குழு என்று மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. கடன் வாங்கி வாங்கிய ஆடு நோயுறாமல் இருக்கவேண்டும் என்ற அக்கறையைவிடப் பெரிய தூண்டுதலை எந்தச் செயலியாலும் உருவாக்க முடியாது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது எல்லோர் கண்ணும் பிபிசி ஒளிபரப்பின் மேல் இருந்தது. மாணவர்களைத் தாங்கிப் பிடித்ததோ தபாலில் வந்த ஒப்படைப்புகளைப் படித்து, ஓரங்களில் கருத்தெழுதித் திருப்பி அனுப்பிய பகுதிநேர ஆசிரியர்கள். தன் எழுத்தை ஒருவர் படிக்கிறார் என்பது தெரிந்தால் பெரியவர் எழுதுவார்.

இங்கே ஐஐடிகளின் இணையவழித் திட்டமான என்பிடெல் பாடங்களின் ஒரு சிறு விதியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். வாரந்தோறும் ஒப்படைப்பு, அதற்குக் கெடு, கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு என்று அது கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வீட்டில் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று நான்கு வாரம் போனாலும் படிப்பு போகாது. கெடு இருப்பதால் மனிதர் உட்காருகிறார். சலுகை இருப்பதால் ஒரு வாரம் தவறியதற்காகப் பாடத்தையே கைவிடாமல் இருக்கிறார். வேலைபார்ப்பவரின் வாழ்க்கையை அறிந்தவர் வகுத்த விதி அது.

கெடுவையும் ஆளையும் விட்டுவிட்டு, நினைவூட்டல் செய்திகளாலேயே காரியத்தைச் சாதித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ரெனே கிசில்செக்கும் உடன் ஆய்வாளர்களும் இரண்டரை ஆண்டுகள், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கற்பவர்களிடம், எப்போது எங்கே படிக்கப்போகிறீர்கள் என்று திட்டம் எழுதவைப்பது போன்ற சிறு தூண்டுதல்களைச் சோதித்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் சில வாரங்களில் சிறிதளவு பயன். அதற்கு மேல் இல்லை. புள்ளிகள், பதக்கங்கள், முன்னணிப் பட்டியல்கள் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. பட்டியலில் தன் கீழ் வேலைபார்க்கும் இளைஞருக்குப் பின்னால் தன் பெயர் நிற்பதைப் பார்க்கும் தலைமைச் செவிலியர் அடுத்த வாரம் அந்தப் பாடத்தைத் திறக்கமாட்டார். பெரியவருக்குத் தவறு செய்யத் தனிமை வேண்டும். முதல் முயற்சியை அவர் மட்டுமே பார்க்கட்டும். தெரிந்துகொண்டபின் குழுவில் தாமே பேசுவார்.

புதுக்கோட்டையில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தர வேண்டும் என்று அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முடிவெடுத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதை பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதும் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல், யாரையும் கேட்காமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் போய்வர முடிந்தது. அகர வரிசைக்கும் சைக்கிளுக்கும் பாடத்திட்டப்படி ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் அந்தப் பெண்களின் நாளில் எது குறைவாக இருந்தது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சொல்லித்தர ஆயிரக்கணக்கான தொண்டர்கள் பக்கத்தில் நின்றார்கள். இணையவழிப் பயிற்சியை வடிவமைக்கும் நாம் மென்பொருள் கையேடுகளைப் படிக்குமுன் புதுக்கோட்டையைப் படிக்கவேண்டும்.

பாடத்தைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு

அரசுத் துறைகளிலும் நிறுவனங்களிலும் பயிற்சிக்குப் பொறுப்பான சிலர் இந்த அவையில் இருப்பதாக அறிகிறேன். ஒப்பந்தப் புள்ளி கோரும்போது 'பத்து மணி நேரப் பாடம்' என்று கேட்கிறீர்கள். பத்து மணி நேரத்தை நிரப்ப ஜென்னர் வந்தே தீரவேண்டும். மணிக்கணக்கை விட்டுவிட்டு, பயிற்சிக்குப் பின் ஊழியர் எந்த ஐந்து காரியங்களைச் சரியாகச் செய்யவேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அது நாற்பது நிமிடத்தில் முடிந்தால் நாற்பது நிமிடத்துக்கே உரிய பணம் கொடுங்கள். மிச்சத்தை மறுமுனையில் இருக்கப்போகிற ஆளுக்குச் செலவிடுங்கள். குளிர்ச் சங்கிலிப் பாடத்தில் அந்த ஆள் அதே வட்டாரத்தின் அனுபவமுள்ள மருந்தாளுநராக இருக்கலாம். படிப்பவர் தம் ஐ.எல்.ஆர். பெட்டியின் உள்ளடுக்கையும் வெப்பமானியையும் படமெடுத்து அனுப்புவார். "இரண்டாம் கூடையில் உள்ள ஹெபடைடிஸை மேலே தூக்கி வையுங்கம்மா, மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்று மருந்தாளுநர் மறுநாளுக்குள் பதில் போடவேண்டும். அந்தப் பதிலுக்கு அவருக்கு மதிப்பூதியமும், அதற்குரிய நேரமும் அலுவலக ஆணையாகவே தரப்படவேண்டும். இரவு ஒன்பதரை மணிக்குச் செய்யவேண்டியதாக இருக்கும் படிப்பை வேலை நேரத்துக்குள் கொண்டுவருவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. வாரத்துக்கு அரைமணி போதும். வேலைக்கு வேண்டிய படிப்பை வீட்டு நேரத்தில் படிக்கச் சொல்வதன் பாரம் யார்மேல் அதிகம் விழுகிறது என்பதைப் பெண் ஊழியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது இந்த ஆண்டு ஆய்வேட்டுக்கு, இப்போது நடைமுறையில் உள்ள ஏதேனும் ஒரு பணியிடைப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் அனுப்பவேண்டாம். அதைப் படிக்கும் ஒருவரின் அனுமதி பெற்று, அவர் படிக்கும் நேரத்தில், அவர் படிக்கும் இடத்தில், அவருடைய கைபேசியில், பக்கத்தில் உட்கார்ந்து முதல் திரையிலிருந்து கடைசித் திரைவரை பாருங்கள். எங்கே ஒலியை அணைத்தார், எங்கே பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார், எந்தக் கேள்விக்கு "அட, இது நம்ம இடத்துல நடந்ததுதானே" என்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாதம் கழித்து அவர் வேலைசெய்யும் இடத்துக்குப் போய், பாடத்தில் சொன்னது மேசைமேலோ பெட்டிக்குள்ளோ எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். பத்துப் பேரிடம் இப்படிச் செய்து எழுதிய ஓர் ஆய்வேடு தமிழில் வந்தால், பாடம் வடிவமைக்கும் எங்களைப் போன்றவர்கள் அதை மேசையிலேயே வைத்துக்கொள்வோம்.